வெயிலுக்கும் மலைக்கும் ஒரே சட்டை: துணி வாங்கறத பத்தி கொஞ்சம் நீளமா

உடுமலை, பொள்ளாச்சி பக்கம் பகல்ல பஸ்ல போனீங்கன்னா ரோட்டோரமா நூறு நாள் வேலை பாக்கற அக்காங்க, கரும்புக்காட்ல தோகை உரிக்கறவங்க, தக்காளி பறிக்கறவங்க எல்லாரையும் பாக்கலாம், அவங்க போட்டிருக்கற டிரெஸ்ஸ மட்டும் ஒரு நிமிஷம் கவனிச்சு பாருங்க. கீழ ஒரு பழைய புடவை, கொசுவத்த தூக்கி இடுப்புல சொருகியிருப்பாங்க. மேல வீட்டுக்காரரோட பழைய ஃபுல் கை சட்டை. காலர தூக்கி விட்டு பின்கழுத்து மறைஞ்சிருக்கும், கைப்பட்டன் போடாம விரல் மொட்டு வரைக்கும் தொங்கும், துவைச்சு துவைச்சு கலரெல்லாம் போயி துணி மெத்துன்னு ஆகியிருக்கும். தலைல ஒரு தேங்காப்பூ துண்டு. சட்டைப் பாக்கெட்ல சின்ன போன், இல்லன்னா வெத்தலப் பை. குனிஞ்சு நிமிந்தா மாராப்பு விலகுமேன்னு கவலை இல்ல, தோகை கைய அறுக்காது, வெயில் தோல்ல நேரா படாது, சட்டைக்கும் உடம்புக்கும் நடுவுல காத்து போயிட்டு வரும்.

நம்ம ஊரு வெயிலுக்கு இத விட ஒத்து வர்ற அவுட்டோர் டிரெஸ் நான் இன்னும் எந்த கடைலயும் பாக்கல. நக்கலுக்கு சொல்லல, நிஜமாத்தான் சொல்றேன்.

தினமும் போடவும் ஆகணும், மலை ஏறவும் ஆகணும், வண்டி ஓட்டவும் ஆகணும், அப்படி ஒரு துணி எதுன்னு நெட்ல தேடினா வர்றதெல்லாம் குளிர் தேசத்துக்காரங்க கணக்கு. உள்ள ஒண்ணு, அது மேல ஒண்ணு, அதுக்கு மேல காத்து புகாத ஜாக்கெட், மெரினோ கம்பளில உள் பனியன்னு அடுக்கிட்டே போவாங்க. அவங்களுக்கு உடம்புச் சூட்ட வெளிய விடாம பிடிச்சு வைக்கணும், நமக்கு அது எப்படியாவது வெளிய போனா போதும். 2003 மே 31ஆம் தேதி சென்னைல 45 டிகிரி அடிச்சுது, அந்த நாள் சென்னைல இருந்த எங்க சித்தி இன்னிக்கும் அத பத்தி பேசுவாங்க, அப்பேர்ப்பட்ட ஊர்ல இருக்கறவங்க கிட்ட போயி மூணு லேயர்னு சொன்னா என்ன பண்ணுவாங்க. கோயம்புத்தூர்ல எங்களுக்கு பாலக்காட்டு கணவாய் காத்து இருக்கு, ஜூன் மாசம் ஆரம்பிச்சா கொடில போட்ட துணி பறந்து பக்கத்து வீட்டு மாடிக்கு போயிரும், அதனால வேர்வை நின்னு கசகசன்னு ஆகறது கம்மி. சென்னைல அப்படி இல்ல, அங்க காத்துலயே தண்ணி நெறைஞ்சு கெடக்கறதால வேர்வை காயறதுக்கு வழியே இல்ல. ஒரே சட்டை ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி வேலை செய்யாது, இத எந்த லேபிள்லயும் போட மாட்டாங்க.

காட்டன்னா நல்லது, பாலியெஸ்டர்னா மோசம்னு நம்ம வீட்ல எல்லாம் ஒரே போடா போட்டு முடிச்சிருவாங்க, விஷயம் அவ்வளவு சுலபம் இல்ல. சாதாரண ஈரப்பதம் இருக்கற காத்துல பருத்தி தன் எடைல சுமார் 8.5 சதவீதம் தண்ணிய இழுத்து வச்சுக்கும், பாலியெஸ்டர் வெறும் 0.4 சதவீதம், நைலான் 4 சதவீதம், ரயான் 11க்கு மேல. காட்டன் போட்டா வேர்வை முதுகுல வழியாம துணிக்குள்ள போறதுக்கு இதான் காரணம், அதே காரணத்தால தான் ஒரு தடவ நல்லா நனைஞ்சுதுன்னா அது லேசுல காயாது. ட்ரை ஃபிட்னு விக்கறது எல்லாம் பெரும்பாலும் பாலியெஸ்டர் தான், நூல் தண்ணிய குடிக்காது, நூலுக்கு நடுவுல இருக்கற சந்து வழியா வேர்வைய பரப்பி விட்டு மேல் பக்கம் காய வைக்கும். அதுக்கு காத்து வேணும். கிரவுண்ட்ல ஓடறவனுக்கு காத்து அடிக்கும், சரியா வேலை செய்யும். டவுன் பஸ்ல நடுவுல மாட்டிட்டு நிக்கறவனுக்கு ஏது காத்து, அது பிளாஸ்டிக் கவர மாட்டினது போல உடம்போட ஒட்டிக்கும். போதாக்குறைக்கு பாலியெஸ்டர் நம்ம உடம்பு எண்ணெய்ப் பிசுக்க பிடிச்சு வச்சுக்கும், துவைச்சு காஞ்சப்ப வாசனையா இருக்கற பனியன் போட்டு பத்து நிமிஷத்துல பழைய நாத்தம் திரும்ப வர்றது இதனால தான்.

ஆனா தண்ணில நனையற இடத்துக்கு போனா கதை மாறிரும். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு போனவங்களுக்கு தெரியும், ஆயிரத்துக்கு மேல படி எறங்கணும், கீழ போயி அருவில நின்னுட்டு நனைஞ்ச டிரெஸ்ஸோட அத்தன படியும் திரும்ப ஏறணும். அங்க ஜீன்ஸ் போட்டுட்டு வர்ற பசங்கள பாத்தா பாவமா இருக்கும், நனைஞ்ச ஜீன்ஸ் தொடைல ஒட்டி முட்டி மடங்காது, ஏற ஏற தொடை உரசி செவந்து போயிரும், பாதி வழில உக்காந்து பேன்ட்ட முறுக்கி பிழிஞ்சிட்டு இருப்பாங்க. அந்த மாதிரி இடத்துக்கு கீழ மெல்லிசு நைலான் டிராக் பேன்ட், மேல காட்டன் சட்டை, பைல பிளாஸ்டிக் கவர் சுத்தி ஒரு காஞ்ச பனியன், அவ்வளவு தான் என் கணக்கு.

கோயம்புத்தூர் பக்கத்துல ஏழு மலை ஏறிப் போற வெள்ளியங்கிரி பத்தியும் சொல்லணும், ஆனா அங்க பத்து வயசுலேர்ந்து அம்பது வயசு வரைக்கும் பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு வச்சிருக்காங்க (அத பத்தி பேச ஆரம்பிச்சா இந்த கட்டுரை வேற எங்கயோ போயிரும்), அதனால வருஷா வருஷம் போற எங்க அண்ணன் சொல்றத தான் சொல்றேன். பூண்டி அடிவாரத்துல ராத்திரி மூங்கில் குச்சிய வாங்கிட்டு ஏற ஆரம்பிச்சா முதல் மலைலயே பனியன் பிழியற அளவுக்கு வேர்க்கும். ஏழாவது மலைக்கு போயி நிக்கறப்ப காத்து சுழட்டி அடிக்கும், அப்ப உடம்புல இருக்கற ஈரக் காட்டன் பனியன் தான் முதல் எதிரி, பல்லு கிட்டிக்கும். அண்ணன் ஆறாவது மலைல நின்னு பனியன கழட்டிட்டு காஞ்சது ஒண்ண மாட்டிக்குவார், அது மேல ஸ்வெட்டர், தலைல மங்கி குல்லா, இடுப்புல இருக்கற கைலி அவுந்து போர்வையாயிரும். மெரினோ எதுவும் இல்ல, செலவும் இல்ல. ஈரத்த உடம்பு மேல வச்சுக்கிட்டு குளிருக்குள்ள போகாதன்னு அந்த வெளிநாட்டுக்காரங்க சொல்றத எங்க அண்ணன் அவங்க எழுதின எதையும் படிக்காமலே பண்றார்.

சரி, பனியன்னு சொன்னதும் திருப்பூர் தான். வெளியூர்க்காரங்களுக்கு பனியன்னா உள்ள போடறது, திருப்பூர்ல டி-ஷர்ட்டும் பனியன் தான், லெக்கிங்ஸும் பனியன் துணி தான், அங்க இருக்கற பாதி கம்பெனிக்கு பேரே பனியன் கம்பெனி தான். ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து கொஞ்சம் நடந்தா காதர்பேட்டை, எக்ஸ்போர்ட்டுக்கு தைச்சு மிச்சமானது, ஆர்டர் கேன்சல் ஆனது, செக்கிங்ல கழிச்சது எல்லாம் அங்க குவிச்சு வச்சிருப்பாங்க. சர்ப்ளஸ்னு சொல்றது எல்லாம் சர்ப்ளஸ் இல்ல, லோக்கல்ல தைச்சு வெளிநாட்டு லேபிள ஒட்டினதும் கலந்து தான் இருக்கும், அதனால லேபிள பாக்கறதுல பிரயோஜனம் இல்ல, துணிய பாக்கணும்.

"அம்மணி, இது ஐரோப்பா ஆர்டருங்க, புடிச்சு பாருங்க, துணி எப்படி நிக்குது பாருங்க."

"ஏனுங்ணா, பக்கத் தையல் முன்னால வந்து நிக்குதே?"

"அது ஒரு வாஷ் போட்டா சரியாயிருங்க."

சரியாகவே ஆகாதுங்க, இன்னும் கோணும். சிங்கிள் ஜெர்சின்னு டி-ஷர்ட் தைக்கற பின்னல் துணில இது ஒரு வியாதி, நூல்ல இருக்கற முறுக்கு துவைச்சதும் தளர்ந்து வளையமெல்லாம் ஒரு பக்கமா சாயும், அக்குள்லேர்ந்து நேரா எறங்க வேண்டிய தையல் தொப்புள் பக்கமா வந்து நிக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனில துணிய காம்பாக்டிங் பண்ணி, அதாவது தைக்கறதுக்கு முன்னாடியே அமுக்கி சுருக்கி, இத ஒரு அளவுக்குள்ள வச்சிருப்பாங்க, அவசரத்துல அடிச்ச சரக்குல இதெல்லாம் பாக்க மாட்டாங்க. கடைல நின்னுட்டே கண்டுபிடிக்கலாம், ரெண்டு தோளையும் புடிச்சு தூக்கி நேரா தொங்க விட்டு ரெண்டு பக்கத் தையலையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு பாருங்க, அடிமடிப்பு ஒண்ணுக்கொண்ணு சேரலன்னா அந்த பீஸ கீழ வச்சிருங்க.

அடுத்தது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம் எடைங்கறது தான் அது, பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. 140, 150 இருந்தா வீட்ல போட்டுக்கற மெல்லிசு பனியன், 180 தினமும் வெளிய போட்டுட்டு போறது, காலர் வச்ச டி-ஷர்ட் தைக்கற பிக்கே துணி 220 பக்கம் வரும், 280, 300ன்னா ஹூடி தைக்கற துணி. இப்ப ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுன்னு பசங்க 240 ஜிஎஸ்எம் போட்டுட்டு திரியறாங்க, போட்டோவுல நல்லா இருக்கு, மே மாசம் மதியானம் அத போட்டுட்டு பஸ் ஸ்டாப்ல நிக்கறத பாத்தா எனக்கே வேர்க்குது. கேட்டா லூஸா இருக்கு அக்காங்கறாங்க. லூஸா இருக்கு சரி, அந்த கனமான துணிக்குள்ள காத்து எந்த வழியா போகும்னு யாரும் யோசிக்கல.

நூல் நம்பரும் கேக்கணும். ஒரு பவுண்ட் எடைல 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தன வருதோ அது தான் நம்பர், 30ஆம் நம்பர்னா 30 சிட்டம், நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். டி-ஷர்ட்டுக்கு 30 நல்லா போதும். அத விட முக்கியம் அது கோம்ட் நூலா கார்டட் நூலாங்கறது. கோம்ட்ல குட்டை இழைய எல்லாம் சீவி எடுத்துருவாங்க, கார்டட்ல அப்படி சீவ மாட்டாங்க, அதனால துவைச்சா மேல குட்டி குட்டியா உருண்டை புடிக்கறது கம்மி. பயோ வாஷ்னு கூட சொல்லுவாங்க, என்சைம் போட்டு மேல நீட்டிட்டு இருக்கற முடிய தின்ன வைக்கறது, வழவழன்னு ஆயிரும், ஆனா மட்டமான துணிக்கும் அதே வாஷ போட்டு முதல் தடவ தொடறப்ப நல்லா தெரியற மாதிரி பண்ண முடியும்கறத ஞாபகம் வச்சுக்கோங்க. வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாத்தா திட்டு திட்டா தெரியுதா, ஒரே சீரா தெரியுதான்னு கண்ணு சொல்லிரும். கடைசியா தையல் பக்கத்துல ரெண்டு கையாலயும் லேசா இழுத்து பாருங்க, தைக்கறப்ப ஊசி நூல அறுத்திருந்தா அங்க ஒரு பொட்டு ஓட்டை தெரியும், இன்னிக்கு பொட்டா இருக்கறது ரெண்டு வாஷ்ல விரல் போற அளவுக்கு ஆயிரும்.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு சொல்றேன், வெயில்ல வெளிய சுத்தறதுக்கு டி-ஷர்ட்ட விட தறில நெய்ஞ்ச துணில தைச்ச தொளதொளன்னு ஒரு சட்டை தான் நல்லது. பின்னல் துணி உடம்போட போகும், நெசவுத் துணி உடம்ப விட்டு கொஞ்சம் தள்ளி நிக்கும், அந்த தள்ளி நிக்கற இடத்துல தான் காத்து ஓடும். 1980ல நேச்சர் இதழ்ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பாலைவனத்துல பதூயின் ஜனங்க எதுக்கு கறுப்பு அங்கி போடறாங்கன்னு. கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் மாத்தி மாத்தி போட்டு வெயில்ல நிக்க வச்சு அளந்து பாத்தாங்க, உடம்புக்கு போய்ச் சேர்ற சூடு ரெண்டுலயும் ஒண்ணு தான். கறுப்புத் துணி மேல அதிகமா சூடாகுது, ஆனா அங்கி லூஸா இருக்கறதால உள்ள ஓடற காத்து அந்த சூட்ட தோலுக்கு வர விடாம வெளிய தள்ளிருது. அது காஞ்ச பாலைவனம், நம்மூரு கடலோர புழுக்கத்துக்கு அப்படியே பொருந்தாது தான். ஆனா டைட்டான வெள்ளை டி-ஷர்ட்ட விட லூஸான கலர் சட்டை ஏன் தேவலைன்னு இதுல புரியும். இன்னொண்ணு, மெல்லிசு வெள்ளை காட்டன் டி-ஷர்ட் வெயிலோட புற ஊதாக் கதிர தடுக்கற சக்தி ரொம்ப கம்மி, யூபிஎஃப் கணக்குல சுமார் 7 தான், வேர்வைல நனைஞ்சா 3க்கு எறங்கிரும். வயக்காட்டு அக்கா போட்டிருக்கற அந்த பழைய கட்டம் போட்ட சட்டை துவைச்சு சுருங்கி நெசவு நெருங்கி போயிருக்கும், அது இன்னும் நல்லாவே தடுக்கும்.

கட்டம்னு சொன்னதும் மெட்ராஸ் கட்டத் துணி கதை ஞாபகம் வருது. 1958ல கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாடி லீலா ஹோட்டல் ஆரம்பிச்சாரே அவர் தான், ஒரு அமெரிக்க வியாபாரிக்கு மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறி துணிய வித்தார், அது ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு போயி சட்டை, கோட்டுன்னு ஆச்சு. துவைச்சதும் சாயம் போச்சு, பச்சத் தண்ணில தனியா அலசணும்னு வாங்கினவங்களுக்கு யாரும் சொல்லல, சண்டை வந்துருச்சு. அப்பறம் அந்த சாயம் போறதையே பெருமையாக்கி ப்ளீடிங் மெட்ராஸ்னு விளம்பரம் பண்ணி வித்துட்டாங்க. புதுக் கைலிய உப்புத்தண்ணில தனியா ஊறப் போடணும்னு தெரிஞ்ச ஒரு அம்மா அந்த கடைல வேலைக்கு இருந்திருந்தா இந்த கதையே இருந்திருக்காது.

கைலி பத்தி ஆம்பளைங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியது எதுவும் இல்ல. ரெண்டு மீட்டர் துணி, மூட்டினா முடிஞ்சுது. ட்ரெயின்ல பெர்த் ஏறினதும் பேன்ட் உள்ள போயி கைலி வெளிய வரும், ஆத்துல குளிக்க அதான், துணி மாத்த மறைப்பு அதான், கொசு கடிச்சா தலை வரைக்கும் இழுத்துக்கலாம், மடிச்சு கட்டினா வேலைக்கு ரெடி. குறிஞ்சிப்பாடி கைலி, குடியாத்தம் கைலின்னு கேட்டு வாங்கறவங்க இருக்காங்க, ஈரோடு கனி மார்க்கெட்ல திங்கக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு செவ்வாய்க்கிழமை வரைக்கும் நடக்கற ஜவுளிச் சந்தைக்கு போனா கட்டு கட்டா அள்ளிட்டு வரலாம். ஆனா மரியாதைன்னு வந்தா வேட்டிக்கு கெடைச்சது கைலிக்கு கெடைக்கல. 2014ல சென்னைல ஒரு கிளப்ல வேட்டி கட்டிட்டு போன ஹைகோர்ட் நீதிபதிய உள்ள விடாம அது பெரிய பிரச்சனையாகி, வேட்டி மாதிரி பாரம்பரிய உடைல வர்றவங்கள பொது இடத்துக்குள்ள விடாம தடுக்கக்கூடாதுன்னு தமிழ்நாட்ல சட்டமே போட்டாங்க. கைலி கட்டிட்டு அதே கிளப் வாசல்ல நின்னா என்ன ஆகும்னு யாராவது பண்ணி பாத்து சொல்லுங்க.

பொம்பளைங்க பக்கம் கைலிக்கு சமமா நைட்டி இருக்கு. நைட்டிய யாரும் ராத்திரிக்கு மட்டும் போடறது இல்ல, காலைல கோலம் போட, பால் வாங்க, குழந்தைய ஸ்கூல் வேன்ல ஏத்தி விட, மேல ஒரு துண்ட போட்டா தெரு வரைக்கும், துப்பட்டாவ போட்டா மளிகைக்கடை வரைக்கும். 2018ல ஆந்திரால மேற்கு கோதாவரி பக்கம் தோகலப்பள்ளின்னு ஒரு ஊர்ல பகல்ல நைட்டி போட்டா 2000 ரூபா அபராதம்னு ஊர்ப் பெரியவங்க கட்டுப்பாடு போட்டது நியூஸ்ல வந்துச்சு, யாரு போட்டாங்கன்னு காட்டி குடுத்தா 1000 ரூபா பரிசு வேறயாம். வசதியா இருக்கற டிரெஸ் எதுவா இருந்தாலும் அத எங்கயோ ஒருத்தர் ஒழுக்கம் இல்லன்னு சொல்லிருவாங்க போல. எங்க அம்மாவுக்கு இந்த செய்திய படிச்சு காட்டினேன், "அந்த பெரியவங்க ஒரு நாள் அடுப்படில புடவை கட்டிட்டு நிக்கட்டும்"னுட்டு போயிட்டாங்க.

நைட்டிய அப்படியே மலைக்கு போட்டுட்டு போக முடியாதே, அங்க தான் குர்த்தி வருது, அதுல தான் ஏமாத்தும் நடக்குது. காட்டன் குர்த்தின்னு தொங்க விட்டிருக்கறதுல பாதி ரயான். ரயான் மோசம்னு சொல்ல வரல, தொட்டா ஜில்லுன்னு இருக்கும், ஒழுகி விழும், வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அருமை. ஆனா நனைஞ்சா அதோட பலம் பாதியா போயிரும், மலைல வேர்வைல ஊறி முள்ளுச்செடில மாட்டினா பர்ர்னு கிழியும், காட்டன் நனைஞ்சா இன்னும் கொஞ்சம் பலமாகும். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நூல கொளுத்தி பாருன்னு சொல்லுவாங்க, அது பாலியெஸ்டர கண்டுபிடிக்க தான் உதவும், பாலியெஸ்டர் உருகி கெட்டியா மணி மாதிரி நிக்கும். ரயானும் காட்டனும் ரெண்டுமே பேப்பர் எரியற வாசத்தோட சாம்பலாயிரும். இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்க உள் தையல் ஓரத்துலேர்ந்து ஒரு நூல உருவி எச்சில் தொட்டு இழுத்து பாருங்க, சட்டுன்னு அறுந்தா ரயான். தையல் நூல இல்ல, துணி நூல உருவணும், தையல் நூல் எப்படியும் பாலியெஸ்டரா தான் இருக்கும்.

கீழ என்ன போடறதுங்கறதுக்கு எனக்கு இன்னும் முழு விடை இல்ல. லெக்கிங்ஸ் ஏற எறங்க நல்லா வளையும், வெயில்ல தோலோட ஒட்டிக்கும், அட்டைப்பூச்சி அதுக்கு மேலயே கடிக்கும். பலாசோ காத்தோட்டம், ஆனா படி ஏறறப்ப காலுக்குள்ள மாட்டும், வண்டில போறப்ப பறக்கும். துப்பட்டாவ பத்தி தனியா சொல்லணுமா, பைக்ல பின்னாடி உக்காந்து போறவங்களுக்கு சாரி கார்டு இருந்தாலும் துப்பட்டா நுனி சக்கரத்துக்குள்ள போறத எத்தன பேர் சிக்னல்ல கத்தி சொல்லியிருக்கோம், வெளிய சுத்தற அன்னிக்கு அது வேணாம், ஒரு பருத்தி துண்டு போதும், தலைக்கும் ஆகும் தொடைச்சுக்கவும் ஆகும். கடைசில எனக்கு ஒத்து வந்தது கேம்ப்ரிக்னு நெருக்கமா நெய்ஞ்ச மெல்லிசு காட்டன்ல தைச்ச நேர் பேன்ட், கணுக்கால்ல சின்ன எலாஸ்டிக், தொடை சேர்ற இடத்துல ஒரு சதுரத் துண்டு வச்சு தைச்சது. அந்த சதுரத் துண்டு தான் விஷயமே. அது இருந்தா பெரிய படில கால தூக்கி வைக்கறப்ப துணி இழுக்காது, தையல் பிரியாது. அதே மாதிரி சட்டைக்கு அக்குள்ல ஒரு சின்ன துண்டு வச்சா கைய மேல தூக்கறப்ப சட்டை மொத்தமா மேல ஏறாது. பழைய ஜிப்பாவுல எல்லாம் இது இருக்கும், ரெடிமேட்ல துணி மிச்சம் புடிக்க எடுத்துட்டாங்க.

உள்ளாடை பத்தி ரெண்டு வரி. மேல எவ்வளவு நல்ல காட்டன் போட்டாலும் உள்ள ஸ்பாஞ்ச் வச்ச நைலான் இருந்தா எல்லாம் வீண், வெயில் காலத்துல வேர்க்குரு அங்க தான் ஆரம்பிக்கும். ஸ்பாஞ்ச் இல்லாத காட்டன் வாங்குங்க, போற இடத்துக்கு ஒண்ணு கூடுதலா எடுத்துட்டு போங்க.

காட்டுப் பக்கம் போனா பளிச்சுன்னு செவப்பு, வெள்ளை வேணாம், மண் கலர், எலப்பச்சை போடுங்க, அதுக்காக ராணுவ டிசைன் வாங்காதீங்க, செக்போஸ்ட்ல தேவையில்லாத கேள்வி வரும். வால்பாறை, டாப்ஸ்லிப் மழைக்காலத்துல அட்டைக்கு நெருக்கமா நெய்ஞ்ச துணில முட்டி வரைக்கும் வர்ற லீச் சாக்ஸ் கெடைக்குது, பேன்ட்ட அதுக்குள்ள விட்டு கட்டிக்கோங்க, மூக்குப்பொடியும் உப்பும் அப்பறம். கேம்ப் ஃபயர் பக்கத்துல பாலியெஸ்டர் ஜாக்கெட்டோட நெருங்கி உக்காராதீங்க, பொறி பட்டா எரியறதோட உருகி தோல்ல ஒட்டிரும்.

துவைக்கறதுல ஒண்ணே ஒண்ணு, ட்ரை ஃபிட் துணிக்கும் துண்டுக்கும் வாசனை கண்டிஷனர் ஊத்தாதீங்க, அது நூல் மேல ஒரு படலமா உக்காந்து தண்ணிய இழுக்க விடாது, துண்டு தொடைச்சா தண்ணி தள்ளிட்டு போகுதுன்னா அது தான். பனியன உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி நிழல்ல காயப் போடுங்க, தோள்ல கிளிப் போடாம அடிப்பக்கம் போடுங்க.

இப்ப நான் தேடிட்டு இருக்கறது அந்த வயக்காட்டு அக்கா சட்டைய தான், ஆனா பொம்பளை அளவுல. ஆம்பளை சட்டைய எடுத்தா தோள் எறங்கி நெஞ்சுக்கிட்ட இடைவெளி விழுந்து பட்டன் பிளக்குது, பொம்பளை சட்டைன்னு விக்கறத எடுத்தா இடுப்புல புடிச்சு, துணி மெல்லிசா, பாக்கெட் இருக்கற மாதிரி ஒரு மூடி மட்டும் தைச்சு உள்ள ஒண்ணும் இல்லாம ஏமாத்தி வச்சிருக்காங்க. ஒரு சின்ன பாக்கெட்டுக்கு எவ்வளவு துணி போயிரும்னு எனக்கு புரியவே இல்ல. அதனால எங்க தெரு டெய்லர் தம்பி கிட்ட மீட்டர் கணக்குல கைத்தறி துணி எடுத்து குடுத்தேன். ஃபுல் கை, கைய மடிச்சு விட்டா நிக்கறதுக்கு உள்ள ஒரு பட்டி, அக்குள்ல துண்டு, பின்னாடி நீளம் முன்னாடிய விட ரெண்டு இன்ச் கூட, துவைச்சா சுருங்கும்னு உள்ள ஒரு இன்ச் துணி விட்டு தைக்கணும், மேல ஒரு பாக்கெட் பட்டனோட, கீழ ரெண்டு பக்கமும் போன் முழுசா உள்ள போற ஆழத்துக்கு, பேன்ட்லயும் ரெண்டு.

தம்பி எழுதிக்கிட்டே வந்தவன் நிறுத்திட்டு என்னை பாத்தான்.

"ஏனுங்க்கா, இதுக்கு பேசாம பீரோவையே மாட்டிட்டு போயிரலாமே?"

"பீரோவுக்கு கை இல்லடா தம்பி, நீ தை."

பாக்கெட்டுக்கு அம்பது ரூபான்னு கூடுதலா வாங்கிட்டான், துணிய முதல்ல தண்ணில நனைச்சு காய வச்சு எடுத்துட்டு வாங்கன்னும் சொன்னான், அது சரியான பேச்சு. ஒரு வாரத்துல தர்றேன்னான். டெய்லர் வாரம்னா எத்தன நாள்னு உங்களுக்கே தெரியும்.